பெடல் பழசாகிவிட்டது என்று சொன்னேன்

அவரை நான் நின்று பார்த்ததைவிடக் குந்திப் பார்த்ததுதான் அதிகம். கச்சேரி மேடைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். தோளில் பேஸ் கிதார் பை, கையில் ஒரு மரப்பலகை. பலகையைத் தரையில் வைத்து, முழங்கால் இரண்டும் காதை உரசுகிற மாதிரி அதன் முன்னால் குந்திக்கொள்வார். பலகையில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளின் திருகுகளை நூல் அளவு நூல் அளவாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். விழாவுக்கு வந்த வாண்டுகள் யாரோ கரண்ட் வேலைக்காரர் என்று நினைத்து, ஃபேன் எப்போது ஓடும் என்று அவரிடம் கேட்கும். கோபப்பட மாட்டார். "ஓடும் நைனா, போய் உக்காரு" என்பார். சின்னப் பிள்ளையோ பெரிய மனிதரோ, அவருக்கு எல்லோரும் நைனாதான்.

அவர் பேரை எழுத மாட்டேன், பிள்ளைகளா. அவர் இன்னும் திருவொற்றியூர்ப் பக்கம்தான் இருக்கிறார். அவருக்கும் உங்களைப் போலப் படிக்கிற மகள் இருக்கிறாள். நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் பெரியவள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்து, எப்படிப்பா இருக்கு என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். அவள் அழுதாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று உங்கள் அம்மா திட்டினாள். என்ன குறைந்துவிடும் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது நான் ராயபுரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு மைக்செட் பார்த்தேன். குழுவை நடத்தியவர் ஒரு பாட்டுக்காரர், அவரை மாஸ்டர் என்போம். ஆடியில் கூழ் ஊற்றுகிற தெருக்கள், சர்ச் திருவிழா, வியாசர்பாடியில் புத்த பௌர்ணமி, மற்ற நாளெல்லாம் கல்யாண ரிசப்ஷன் என்று எங்கள் வண்டி போகாத சந்து கிடையாது. எங்கள் குழுவின் பேஸ் கிதார் அவர்தான். என்னைவிட நாலு வயசு பெரியவர்.

பாட்டு கேட்கும்போது காதுக்குப் பிடிபடாமல் வயிற்றுக்குத் தெரிகிற ஒரு சத்தம் இருக்குமே, அதுதான் பேஸ். கிதாரில் கிளம்புகிற சத்தம் ஒயர் வழியாக அந்த இரும்புப் பெட்டிகளுக்குள் நுழைந்து, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய், மேடையில் அவர் பக்கத்தில் இருக்கும் ஆம்பு என்கிற அவருடைய சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கும், கூட்டத்துக்கு நடுவே இருந்து பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தை அளந்து அனுப்புகிற என் மிக்ஸருக்கும் வரும். அந்தப் பெட்டிகளுக்குத்தான் பெடல் என்று பெயர். காலால் ஒரு மிதி மிதித்தால் விழித்துக்கொள்ளும், இன்னொரு மிதிக்குத் தூங்கிவிடும்.

அப்போது அவரிடம் ஐந்து பெடல் இருந்தது. ஒவ்வொன்றைப் பற்றியும் அவர் சொல்வதைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும். முதலில் கம்ப்ரஸர். அது ஓங்கி அடித்த சத்தத்தை அமுக்கும், மெல்ல அடித்ததைத் தூக்கிவிடும். இந்த மாதிரி ஒரு ஆள் நம் ஏரியாவுக்கு வேண்டும் என்பார். அடுத்தது ஆக்டேவ். நாம் வாசிக்கிற சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்த்துக் கொடுக்கும். துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது ஹாரன் அடித்தால் வீட்டுச் சுவர் அதிருமே, அந்த அதிர்வு அந்தப் பெட்டியில் இருந்தது. மூன்றாவது ஓவர்டிரைவ், சத்தத்தைக் கரகரப்பாக்குவது. விடிகாலையிலிருந்து மீன் ஏலம் கூவிய அக்காவுக்குப் பத்து மணிக்குத் தொண்டை எப்படி இருக்கும், அந்த அளவுக்குக் கரகரப்பு போதும், அதற்குமேல் போனால் ரம்பம் என்பார். நாலாவது கோரஸ். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்த தண்ணீரில் வெயில் விழுந்தால் ஏழு வண்ணமும் மெதுவாக ஆடுமே, சத்தத்தை அப்படி ஆட வைக்கும். சர்ச்சில் மெதுவான பாட்டுக்கு மட்டும் அதை மிதிப்பார்.

கடைசிப் பெட்டி ஈக்வலைசர். சத்தத்தில் தடித்த பாகம் எவ்வளவு, கூர்மையான பாகம் எவ்வளவு என்று முடிவு செய்வது அதுதான். கூர்மையான பாகத்துக்கு ட்ரெபிள் என்று பெயர். அவருக்கு ட்ரெபிள் ஆகாது. ஒரு முறை எங்கள் குழுவின் இன்னொரு கிதார்க்காரர் தன் ஆம்பில் ட்ரெபிளை ஏற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். இவர் தவழ்ந்து போய் அதைக் குறைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வந்து குந்திக்கொண்டார். கிதார்க்காரர் திரும்பி வந்து, யார் கை வைத்தது என்று சத்தம் போட்டார். "பல்லு கூசுது நைனா. ஜனங்க பாட்டு கேக்க வந்துகீறாங்க, பல்லு புடுங்கிக்க இல்ல" என்றார் இவர். மேடையே சிரித்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. மத்தியானம் சவுண்ட் செக் பண்ணும்போது யாராவது மேடையை விட்டு இறங்குவார்களா? இவர் இறங்குவார். அதற்கென்றே இருபது மீட்டர் ஒயர் வைத்திருந்தார். கிதாரை மாட்டிக்கொண்டு, எப்போதும் வாசிக்கிற ஒரே ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி, காலி நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வரிசை வரைக்கும் நடந்து போவார். ஒயர் எட்டாத தூரம் என்றால் என்னை அனுப்புவார். நான் போய் உட்கார்ந்ததும் மேடையிலிருந்து கேட்பார்: "கடைசி சேர்ல எப்டி கீது?" நான் எதைச் சொல்கிறேனோ அதன்படி திருகைத் திருப்புவார். ஏன் எப்படி என்று கேட்டதில்லை. அந்த நாட்களில் நான் உண்மையைத்தான் சொன்னேன். கொழகொழ என்று இருக்கிறது என்பேன், திருப்புவார். சரியாக இருந்தால், சோக்கா கீதுண்ணா என்பேன். அதோடு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் பாஸ் என்று சொன்ன மாதிரி இருக்கும்.

கொடுங்கையூரில் ஒரு குடியிருப்பு விழாவுக்குப் போயிருந்தோம். குப்பை மேட்டுப் புகை மேடை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் எல்லாம் முடிந்த இடத்துக்கும் அப்பால், வேலை முடித்து வந்த துப்புரவுப் பணியாளர்கள் ஒரு பதினைந்து பேர் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. இவர் ஒயரை இழுத்துக்கொண்டு அந்தச் சுவர் வரைக்கும் போய்விட்டார். ஒரு பக்க ஸ்பீக்கரை அவர்கள் பக்கம் திருப்பு என்று எனக்குக் கையைக் காட்டினார். திருப்பினேன். விழாக் கமிட்டிக்காரர் வந்து யாரைக் கேட்டுத் திருப்பினீர்கள் என்றார். அங்கேயும் ஆள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் சார் என்று சொல்லிவிட்டு இவர் மறுபடி குந்திக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அந்த ஸ்பீக்கர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கச்சேரியை வைத்து எங்கள் குழுவில் யாருக்கும் குடும்பம் நடக்கவில்லை. மணலி போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில்தான் அவருக்குப் பகல் வேலை. கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்து நசுங்கி வரும். பெட்டிக்கு உள்ளே போய் நின்றுகொண்டு, நசுங்கிய இடத்தைச் சம்மட்டியால் அடித்து வெளியே தள்ள வேண்டும். ஒரு தடவை அவரைப் பார்க்கப் போய், பெட்டியின் வாசலில் நின்றேன். நாலு அடிதான் அடித்தார். கோயில் மணிக்கு உள்ளே அதன் நாக்கைக் கட்டிக்கொண்டு தொங்குகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் அம்மா பேசியது மறுநாள்தான் எனக்குச் சரியாகக் கேட்டது. அவர் அதில் பன்னிரண்டு வருஷமாக இருந்தார். அதிலும் அவருக்கு விளையாட்டுத்தான். நாற்பது அடிப் பெட்டி தடிப்பான தந்தி, இருபது அடிப் பெட்டி அதற்கு அடுத்த தந்தி என்பார்.

ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. ஒரு நாள் டீக்கடையில் அவராகவே ஆரம்பித்தார். யார்டில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர் இருக்கிறாராம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாராம். முதுகில் சின்னக் கல்லை விட்டு எறிந்தால்தான் திரும்புவாராம். தனக்கும் அப்படி ஆகிவிட்டால் பேஸை என்ன பண்ணுவது என்றார். அதற்கு ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, அவருடைய நகப்பூச்சை எடுத்து, ஈக்வலைசர் பெடலில் ட்ரெபிள் திருகுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். கடிகாரத்தில் பதினொரு மணி இருக்குமே, அந்த இடம்.

"இந்தப் புள்ளிலதான் என் டோன் கீது. காது கெட்டுச்சுன்னா மெல்லிசு சத்தம்தான் மொதல்ல போவுமாம். அப்ப கை தன்னால திருகை மேல ஏத்தும். எனக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிடு நைனா. யார்டை வுட்டுட்டு மச்சான் போட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

அண்ணியின் அண்ணனுக்குக் காசிமேட்டில் மீன் பிடிக்கிற ஃபைபர் போட் ஒன்று இருந்தது. ஆள் வேண்டும் வா வா என்று அவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார். அதனால் போக்கிடம் இல்லாத ஆள் இல்லை இவர். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும் சரி என்று தலையாட்டினேன். காதுக்கு டாக்டரிடம் போகாமல் பெடலில் புள்ளி வைத்து, மைக்செட்டுக்காரனைக் காவல் போடுகிற ஆட்கள் வேறு எங்கேயாவது இருப்பார்களா? எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கேட்கிறது என்றால் கச்சேரியில் கேட்பதுதான் எங்களுக்குக் கேட்பது.

இரண்டு வருஷம் கழித்து, திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். மத்தியானம் சவுண்ட் செக். அவர் வாசித்தது எனக்குச் சில்வர் தட்டில் ஆணியால் கீறுகிற மாதிரி கேட்டது. அதற்கு முன்னால் நாலைந்து கச்சேரியாகவே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது, நான் என் மிக்ஸரில் ட்ரெபிளைக் குறைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். குந்தியபடியே பெடலைக் காட்டினார். புள்ளி பதினொரு மணியில் இருந்தது, திருகு இரண்டு மணிக்குப் போயிருந்தது.

"இங்க வச்சாதான் எனக்குச் சரியா கேக்குது. பொட்டி கெட்டுச்சா, காது கெட்டுச்சா? மெய்யாலுமே சொல்லு."

பிள்ளைகளா, எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லாமல் தெரியும். ஆனால் மாஸ்டர் பின்னால் நின்று நேரமாகிறது என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் முகத்தைப் பார்த்தேன். வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாண நாளில் இதைச் சொல்ல வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

"பெடல் பழசாயிட்சுண்ணா. உள்ள தேஞ்சி போயிருக்கும். வேற வாங்கிக்கோ" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை இரண்டையும் முகத்தில் தேய்த்துக்கொண்டு, பயந்தே பூட்டேன் நைனா என்று சிரித்தார். அன்றைக்குப் பாட்டுக்குப் பாட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நாளைக்கு என்று நினைத்தது மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர் புது ஈக்வலைசர் வாங்கி வந்துவிட்டார். அதில் புள்ளி வைக்கவில்லை. புதுப் பெட்டி, புது அளவு என்றார். கொஞ்ச நாளில் அதுவும் அவருக்கு மங்கலாகக் கேட்டது. நான் பழசாகிவிட்டது என்று சொன்னதை அவர் எல்லாப் பெடலுக்கும் வைத்துக்கொண்டார். ஓவர்டிரைவ் மாறியது. சத்தத்தைக் கூர்மையாக்க ஒன்று, தூக்கிக் கொடுக்க ஒன்று என்று புதிதாகச் சேர்ந்தன. ஐந்து பெட்டி ஒன்பதானது. பலகையில் இடம் போதாமல் இன்னொரு பலகை வந்தது. ரம்பம் என்று அவர் கேலி பண்ணுவாரே, அந்தச் சத்தத்தை அவரே வாசித்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போனார்கள். பிள்ளைகள் போனில் வீடியோ எடுத்துப் போட்டார்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் எங்கே கேட்கும்? அதைப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை.

நான் மிக்ஸரில் ட்ரெபிளை முழுக்க வெட்டிப் பார்த்தேன். ஒன்பது பெட்டிக்குள் நுழைந்து வந்த சத்தத்தில் அதை வெட்டினால் மிச்சம் வெறும் சேறு. ஒரு நாள் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு பேஸ் பார்க்கலாம் என்றார். அவரை எடுக்காதீர்கள் என்று கெஞ்சினேன். மாஸ்டர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அவரு நிக்கட்டும். சத்தம் மட்டும் வேணாம்" என்றார்.

அதன்படி செய்தோம். அவருடைய ஒயர் என் மிக்ஸருக்கு வரும், நான் அதன் சத்தத்தை அடி வரைக்கும் இறக்கி மூடி வைத்துவிடுவேன். அவர் பக்கத்து ஆம்பில் மட்டும் அவர் சத்தம் கேட்கும். கூட்டத்துக்குப் போகிற பேஸைக் கீபோர்டுக்காரர் இடது கையால் வாசிப்பார். இரண்டும் ஒரே சுரம்தானே. மேடையின் இரண்டு பக்கத்துப் பெரிய ஸ்பீக்கரிலிருந்தும் உருண்டையாக, ஆழமாக ஒரு சத்தம் வந்து அவர் நெஞ்சில் மோதும். தடித்த சத்தம் அவருக்கு இன்னும் கேட்டது. அது தன் பெடல்களிலிருந்து வருகிறது என்று அவர் நம்பினார்.

"இத்தினி வருசத்துல இப்பதான் நைனா டோன் வந்து வுழுந்துகீது" என்றார் ஒரு நாள். ஒன்பது பெடலையும் வரிசையாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நாற்காலிகளுக்கு நடுவே நடக்கிற வழக்கத்தை அவர் விடவில்லை. அதற்கும் நாங்கள் வழி கண்டுபிடித்தோம். அவர் வாசிப்பது எப்போதும் அந்த ஒரே துணுக்குத்தானே. அவர் ஒயரை இழுத்துக்கொண்டு நடப்பார், மேடையில் கீபோர்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அதையே வாசிப்பார். கடைசி வரிசையில் நின்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இவர் என்னைப் பார்ப்பார். நான், சோக்கா கீதுண்ணா என்பேன். ஒரு வருஷம் இப்படி நடந்தது. எங்களில் யாரும் அதைப் பற்றிச் சிரித்ததில்லை. அதைச் சொல்லி ஆறுதல் தேடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஒரு வருஷத்தில் மச்சான் போட்டுக்கு வரச்சொல்லி இரண்டு தடவை வீட்டுக்கே வந்திருக்கிறார். டிவி சத்தத்தை ஏற்றி வைக்கிறீர்களே, டாக்டரிடம் காதைக் காட்டுங்கள் என்று அண்ணியும் சொல்லியிருக்கிறார். "மைக்செட்டுக்காரனே சொல்ட்டான், காது ஜோரா கீதுன்னு" என்று இவர் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டாராம். யார்டில் இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இதெல்லாம் அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னது. குறை சொல்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

ஆடி மாதம், திருவொற்றியூரில் ஒரு தெரு. வெயில் இறங்காத நேரத்திலேயே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆம்பு இருந்த பிளக்கில் ஃபியூஸ் போய்விட்டது. ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிக் குந்தி ஆம்பைப் பார்த்தார். கை தந்தியில் இல்லை. பேஸ் நிற்கவில்லை. தெருவில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் நிற்கவில்லை.

குந்தியபடியே அவர் தலையைத் தூக்கினார். எழுந்து போய்ப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கீபோர்டுக்காரரின் இடது கையைப் பார்த்தார். அதன் பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மிக்ஸரைக் குனிந்து பார்த்தேன். அதில் செய்வதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை.

ஃபியூஸ் மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. தன் இடத்துக்குத் திரும்பி வந்து, கிதாரைச் சரியாக மாட்டிக்கொண்டு, விரல்களைத் தந்தியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். ஆம்பு செத்துக் கிடந்தது. மீதி இருந்த பதினோரு பாட்டுக்கும் அப்படி நின்று வாசித்தார். ஒரு இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை. பெடலை மிதிக்க வேண்டிய இடத்தில் மிதித்தார்.

எல்லாம் முடிந்து அவர் ஒயரைச் சுருட்டும்போது போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எத்தினி நாளா?"

"ஒரு வருசம் ஆவுதுண்ணா."

"நான் சேருங்க நடுவுல நடந்தேனே. அப்பயும்?"

"அப்பயும்தாண்ணா."

ஒயரை முழுக்கச் சுருட்டி முடித்தார். அப்புறம், "பெடல் பழசாயிட்சுன்னியே, கல்யாண மண்டபத்துல. அன்னிக்கே தெரியுமா உனக்கு?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருப்பேன். பலகை இரண்டையும் தூக்கிக்கொண்டு, ஆடி முடித்துக் கலைந்து போகிற கூட்டத்தோடு நடந்து போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அண்ணி போன் செய்தார். அரசு ஆஸ்பத்திரியில் காது பார்க்கப் போகிறார்கள், நானும் வர வேண்டும் என்று அவர் சொல்கிறாராம். போனேன். வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மிஷின் டபாய்க்காது. அது சொல்றப்ப நீ பக்கத்துல நிக்கணும். அதுக்குதான் கூப்டேன்."

டாக்டர் பிற்பாடு சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். போன காது வராது. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், லேசாகத் தெரிய ஆரம்பித்தபோதே அந்த வேலையை விட்டிருந்தால் மிச்சம் இருந்தது நின்றிருக்கும், இதற்குமேல் எவ்வளவு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். அதற்குள் மச்சான் போட்டில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. அவர் இன்றைக்கும் அதே யார்டில்தான் இருக்கிறார். பேஸைத் தொடுவதில்லை. பெடல்கள் என்ன ஆயின என்று அண்ணியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாஸ்டரிடம் மைக்செட்டை நானும் விட்டுவிட்டேன். அதை அவருக்காக விட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். அதற்குப் பிறகு யாராவது சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

காது பார்க்கிற இடம் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே ஒரு பெண் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து திருகைத் திருப்புவாள். காதில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் வெளியே விளக்கு எரியும். நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி ஓரமாக நின்றேன்.

முதலில் தடித்த சத்தங்கள். விளக்கு டக்கு டக்கென்று எரிந்தது. தாளம் பிடிக்கிறவர் இல்லையா, அந்தப் பெண் திருப்பி முடிப்பதற்குள் அழுத்தினார். அவளே சிரித்தாள். அவரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்த ஆடிக் கச்சேரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

அப்புறம் அந்தப் பெண் மெல்லிய சத்தங்களுக்கு வந்தாள். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். வெளியே நின்ற எனக்கே எங்கிருந்தோ ஒரு ஊசிச் சத்தம் லேசாகக் கேட்டது. உள்ளே அவர் பொத்தானில் கட்டை விரலை வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நேராக உட்கார்ந்திருந்தார். அவள் அடுத்த சத்தத்துக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். காகிதத்தில் கோடு கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கையை விரித்து, நிறுத்திட்டாங்களா என்று ஜாடையில் கேட்டார்.

அந்தப் பெண்ணின் கை திருகின் மேல் இருந்தது. திருப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் சரி என்று தலையை அசைத்தார். பொத்தானை மடியில் வைத்துவிட்டு, விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, அவள் மறுபடி ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்.